கொடுத்ததும் பறிபோனதும்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார்ப் பக்கம் போகும்போது, பனைகளும் வெண்மணலும் சூழ்ந்த சிற்றூராகத் தோட்டவெளி இருக்கிறது. பெரிய பட்டினமும் அல்ல, பேர்போன துறைமுகமும் அல்ல. ஆயினும் இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. வேதசாட்சிகளின் இராக்கினி என்ற பெயரில் இங்கு அமைந்துள்ள ஆலயம், 1544ஆம் ஆண்டில் தம் விசுவாசத்திற்காக உயிர் கொடுத்த மன்னார் மக்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட மண் இதுவே என்பது ஊரவர் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் நம்பிக்கை.

தியாகம், தன்னலமற்ற வாழ்வு என்பவை பற்றிப் பேசும்போது இந்த மண்ணைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் அன்புச் சகோதரிகளே, போரில் கணவனையும் பிள்ளையையும் வீட்டையும் இழந்து நிற்கும் எங்களிடம் "தியாகம் செய்யுங்கள்" என்று சொல்வது எளிதான காரியமா? எம்மிடம் கொடுப்பதற்கு இன்னும் என்ன மீதமிருக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்கி வைக்காமல், அதனோடு சேர்த்தே இக்கட்டுரையில் சிந்திப்போம்.

1544இல் நடந்தது என்ன?

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தென்தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து பணியாற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட மன்னார் மக்கள், எம்மிடமும் வந்து மறை போதியுங்கள் என்று 1544இல் ஆள் அனுப்பி அழைத்தனர். அப்போது அவரால் வர இயலவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அவரிடம் நூற்றுக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர்.

அந்நாளில் மன்னார் யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அரசனாக இருந்தவன் சங்கிலி. மக்கள் மதம் மாறிய செய்தி அவனுக்கு எட்டியது. பழைய மதத்திற்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் மரணம் என்பது கட்டளை. திரும்ப மறுத்தவர்கள் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிக் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 600 பேர் என்றும் 700 பேர் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1545 ஜனவரியில் சவேரியார் கொச்சியிலிருந்து எழுதிய கடிதங்களிலும் இந்தக் கொலைகள் பற்றிய செய்தி இடம்பெற்றது.

அரசன் ஏன் இவ்வளவு கடுமையாக நடந்தான்? அதற்கு மத வெறுப்பு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதிர்க்கரையில் கத்தோலிக்கம் தழுவிய பரதவ மக்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பின் கீழ்ப் போயிருந்ததை அவன் அறிந்திருந்தான். மன்னாரும் அப்படிப் போனால் நாடும் முத்துக்குளிப்பு வருமானமும் கைவிட்டுப் போகும் என்று அஞ்சினான். அந்த அச்சம் வீணானதும் அல்ல. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். 1619இல் யாழ்ப்பாண அரசே அவர்கள் கைக்குப் போயிற்று. ஆனால் இரு அதிகாரங்களின் பகைக்கு நடுவில் அகப்பட்டு உயிர்விட்டவர்கள் மீன்பிடித்தும் விவசாயம் செய்தும் பிழைத்த சாதாரண மக்கள். போர் பார்த்த எங்களுக்கு இது புரியாத கதையல்ல.

இன்று அந்தக் கதையைச் சொல்லுவது எந்த மதத்தவர் மீதும் மனத்தாங்கல் வளர்ப்பதற்காக அல்ல. கொன்றவன் இன்ன மதத்தவன் என்று எண்ணிக்கொண்டிருந்தால் வேதசாட்சிகளை நாம் புரிந்துகொள்ளவில்லை என்பதே பொருள். அவர்கள் எவரையும் கொல்லவில்லை, சாபமிட்டதாகவும் வரலாறு இல்லை. அவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள்கூட எமக்குக் கிடைக்கவில்லை. எத்தனை தாய்மார் எத்தனை பிள்ளைகளோடு நின்றார்கள் என்பதை எழுதி வைக்கவும் ஆள் இருக்கவில்லை. பெயரும் புகழும் வேண்டாமலே கொடுக்கப்பட்ட கொடை அது.

எமது காலத்துச் சாட்சிகள்

மன்னாரின் வரலாற்றில் இவ்வகையான கொடை 1544உடன் முடிந்துபோகவில்லை. எங்களில் வயதானவர்களுக்குக் கண்ணால் கண்ட நினைவுகளே இருக்கின்றன. முருங்கனில் பணியாற்றிய மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பர் 13ஆந் திகதி கொல்லப்பட்டார். மூன்று கிழமைகள் கழித்து, 1985 ஜனவரி 6ஆந் திகதி, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் தம் ஆலய வளவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்திருந்தும் இருவரும் தம் மக்களை விட்டுப் போகவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரம் குடும்பங்கள் மடுத் திருத்தலத்திலும் பேசாலையிலும் தஞ்சமடைந்தன. மடுக் காட்டில் மரத்தடி ஒவ்வொன்றும் ஒரு வீடாயிற்று. அந்த மடுவில் 1999 நவம்பர் 20ஆந் திகதி எறிகணை விழுந்து, ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மருதமடு அன்னையின் திருச்சொரூபத்தையே குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தாள் என்று தாய்மார் சொல்லி அழுத காலம் அது. அந்தச் சொரூபத்துக்கு அது முதல் இடப்பெயர்வும் அல்ல. 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தவை சுமார் 20 குடும்பங்கள் என்று மடுவின் வரலாறு கூறுகிறது.

2009இல் வன்னியில் கடைசி நாள் வரையில் சில குருக்களும் கன்னியரும் மக்களோடு தங்கியிருந்தனர். வெளியேற வாய்ப்பு வந்தபோதும் காயப்பட்டவர்களையும் தாயற்ற பிள்ளைகளையும் விட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுள் ஒருவரான சரத்ஜீவன் அடிகளார் மே 18ஆந் திகதி உடல் தளர்ந்து மாரடைப்பால் இறந்தார். போர் முடிந்த பின்னர் பலரும் வாய் திறக்க அஞ்சியிருந்த வேளையில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், வன்னியில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவர் பட்ட ஏச்சும் விசாரணையும் பல. 2021 ஏப்ரல் 1ஆந் திகதி அவர் மறையும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. உயிரைக் கொடுப்பது மட்டுமல்ல, தன் நிம்மதியையும் நற்பெயரையும் பிறருக்காகப் பணயம் வைப்பதும் தியாகமே என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இழப்பு எல்லாம் தியாகமா?

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கிராமங்களில் பணியாற்றும்போது அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. கணவனை இழந்த பெண்ணிடம் ஆறுதல் சொல்ல வருபவர்கள், "ஆண்டவர் கேட்டார், நீ கொடுத்துவிட்டாய். அதுவும் ஒரு காணிக்கைதான்" என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "நான் எங்க பிள்ளை குடுத்தன்? என்னட்ட ஆரும் கேக்கேல்லையே. பறிச்செல்லோ கொண்டு போனவங்கள்."

அந்தத் தாயின் கேள்வி நியாயமானது, கிறிஸ்தவ விசுவாசத்திற்கு ஒத்ததும்கூட. யோவான் நற்செய்தியில் இயேசு தம் மரணத்தைப் பற்றிப் பேசும்போது, தமது உயிரை எவரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாகச் சொல்கிறார். கொடுப்பது வேறு, பறிபோவது வேறு என்ற தெளிவு அங்கே இருக்கிறது. தியாகம் என்றால் ஒருவர் தாமாக விரும்பி, ஏன் எதற்கு என்று அறிந்து, அன்பின் பொருட்டுக் கொடுப்பது. எறிகணையில் இறந்த குழந்தையைத் தாய் கொடுக்கவில்லை. கையளித்த பின் காணாமற் போன மகனை அவள் பலியிடவில்லை. அவை அநீதிகள். அநீதியைத் தியாகம் என்று பெயர் மாற்றி அழைத்தால், செய்தவர்கள் பதில் சொல்லத் தேவையில்லாமற் போய்விடும். நீதி கேட்கும் தாய்மாரைப் பார்த்து "விசுவாசம் இல்லாதவர்கள்" என்று சொல்லவும் வழி பிறக்கும்.

இன்னொரு பாரத்தையும் பல பெண்கள் வாய்விட்டுச் சொல்லாமலே சுமக்கிறார்கள். "எல்லாரும் செத்துப் போக நான் மட்டும் தப்பி வந்திட்டன்" என்ற குற்ற உணர்வு அது. வேதசாட்சிகள் நின்று உயிர் கொடுத்தார்கள், நானோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைக்க வேண்டாம். ஓர் ஊரில் உங்களைத் துன்புறுத்தினால் மற்ற ஊருக்கு ஓடிப்போங்கள் என்று தம் சீடருக்குச் சொன்னவர் இயேசுவே. குழந்தை இயேசுவைக் காப்பாற்ற மரியாளும் சூசையும் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடினார்கள். மரணத்தைத் தேடிப் போகும்படி திருச்சபை எக்காலத்திலும் போதித்ததில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஓடிய தாயின் கால்களும் அன்பினால்தான் ஓடின.

இரண்டு காசு போட்ட கைம்பெண்

காணிக்கை பற்றிய பிரசங்கங்களில் தவறாமல் வருபவர் ஏழைக் கைம்பெண். எருசலேம் ஆலயத்தில் செல்வர்கள் அள்ளிப் போட்டபோது இந்த அம்மா இரண்டு சிறு காசுகளைப் போட்டார். இவர்கள் மிகுதியிலிருந்து போட்டார்கள், இவளோ தன் பிழைப்புக்கு வைத்திருந்த முழுவதையும் போட்டாள் என்று இயேசு சொன்னார். கொடையைத் தொகையால் அளக்காமல், கொடுத்த பின் கொடுத்தவரிடம் என்ன மீதமிருக்கிறது என்பதால் அளந்தார். இது ஏழைப் பெண்களுக்குக் கிடைத்த பெரிய கௌரவம்.

ஆனால் மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இந்த நிகழ்ச்சிக்கு உடனே முன்னால் இருக்கும் பகுதியையும் வாசிக்க வேண்டும். நீண்ட அங்கி அணிந்து, சந்தைவெளிகளில் வணக்கம் பெற விரும்பி, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. அதன் பின்னர்தான் அந்தக் கைம்பெண் காசு போட வருகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்கும்போது, அந்த ஆலயமே கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்று சொல்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால் கைம்பெண்ணின் தாராள மனத்திற்கு மதிப்பும், அவளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்கிக்கொள்ளும் அமைப்பின் மீது கோபமும் ஒன்றாகவே தெரிகின்றன. அவளைக் காட்டி ஏழைகளிடம் பணம் கேட்பது இலகு. அவளுக்கு அன்றிரவு சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பதும் அதே நற்செய்தியின் கடமை.

பழைய ஏற்பாட்டில் வரும் சாரிபாத்துக் கைம்பெண்ணின் கதையிலும் இதைக் காணலாம். பஞ்ச காலத்தில் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டும் வைத்திருந்தவள், முதல் அப்பத்தை எலியாவுக்குச் சுட்டுக் கொடுத்தாள். கதை அத்தோடு முடியவில்லை. பஞ்சம் தீரும்வரை அவளும் மகனும் எலியாவும் சேர்ந்து உண்டார்கள் என்பதே முடிவு. கொடுத்தவள் பட்டினி கிடக்க வாங்கியவர் மட்டும் வாழ்ந்தார் என்று வேதாகமம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குள்ளே

நான் சமூகவியல் படித்தவள். யாரிடம் தியாகம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்று பார்க்கும் பழக்கம் அந்தப் படிப்பினால் வந்தது. வீட்டிலே மீன் பொரித்தால் நடுத்துண்டு யாருக்கு, தலையும் வாலும் யாருக்கு? காய்ச்சல் என்றால் யார் படுத்திருக்கலாம், யார் எழுந்து தேநீர் வைக்க வேண்டும்? அண்ணன் வெளிநாடு போக யாருடைய தோடு அடகுக்குப் போகிறது? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான்.

"பிள்ளையள் வயிறு நிறைஞ்சால் எனக்குப் பசி போயிடும் மிஸ்" என்று சொல்லும் தாய்மார் எத்தனை பேர்! அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பசி போவதில்லை. இரத்தச்சோகையாக, தலைச்சுற்றாக, எலும்புத் தேய்வாக அது திரும்பி வருகிறது. தாய் விழுந்தால் அந்தக் குடும்பத்தைத் தூக்க வேறு ஆள் இல்லை. பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த எமது மாவட்டத்தில் தாயின் உடல்நலம் என்பது பிள்ளைகளின் சொத்து. உன்னைப் போல் உன் அயலானை நேசி என்ற கட்டளையில் "உன்னைப் போல்" என்ற அளவுகோலும் இருக்கிறது. தன்னைத் துரும்பாக நினைப்பவள் அயலாளையும் அப்படித்தான் நினைக்கப் பழகுவாள். தம் சீடர் உண்ணவும் நேரமின்றி அலைந்தபோது, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று பிணைக் கையெழுத்து. போருக்குப் பின்னர் எங்கள் ஊர்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில் பல பெண்கள் சிக்கினார்கள். "சகோதரிக்காக இதுகூடச் செய்யமாட்டாயா?" என்ற ஒரு சொல்லுக்காகக் கையெழுத்து வைத்து, பின் கிழமைக் கட்டணத்துக்கு வேறு கடன் எடுத்து, அதைக் கட்ட நகை அடகு வைத்தவர்கள் உண்டு. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை பெருகியிருந்தது. நட்புக்காக வைக்கும் கையெழுத்துத் தியாகமாகாது. கொடுக்க விரும்பினால் கையிலிருப்பதில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். நாளைக்குப் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டியதை இன்று எழுதிக் கொடுக்க எமக்கு உரிமை இல்லை.

வீட்டில் அடியும் உதையும் பட்டுக்கொண்டு, அதைச் சிலுவை என்று எண்ணிப் பொறுத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். இயேசு சிலுவையைச் சுமந்தது பிறர் வாழ்வு பெறுவதற்காக. உங்கள் உடம்பில் விழும் அடியால் எவரும் வாழ்வு பெறவில்லை. அடிப்பவர் பாவத்தில் ஆழமாகப் போகிறார், பார்த்திருக்கும் பிள்ளை பயந்து வளர்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸ் நிலையத்தில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது. அங்கு போவது விசுவாசக் குறைவு அல்ல.

தாமாகக் கொடுத்தவர்கள்

அப்படியானால் தியாகமே வேண்டாமா? வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த மண்ணில் நாங்கள் உயிரோடு இருந்திருக்கமாட்டோம். அதன் உண்மையான உருவத்தை அறிவதற்கு இருவரை நினைத்துப் பார்க்கலாம்.

கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளைப் போல் வேடமிட்டு யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். பின்னர் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அதே கண்டியில் 1697இல் வைசூரி பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரும் கைவிட்டுக் காட்டில் விட்டுப் போன நேரத்தில், அவரும் அவருடைய மருமகனான இளம் குருவும் அவர்களைத் தேடிப் போய் உணவூட்டி, புண் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். மதம் பார்க்கவில்லை. தம்மைச் சிறையிட்ட நாட்டவர் என்றும் பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் அவர் மறைந்தார். 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்து போரில் பாதிக்கப்பட்ட மக்களைச் சந்தித்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம்.

மற்றவர் போலந்து நாட்டுக் குரு மக்சிமிலியன் கொல்பே. 1941இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், கைதி ஒருவர் தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல நாசிகள் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். கொல்பே முன்னே வந்து அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 14ஆந் திகதி ஊசி மருந்தால் கொல்லப்பட்டார். காப்பாற்றப்பட்டவர் 1995வரை வாழ்ந்தார்.

இருவரிடமும் பொதுவாக உள்ளவற்றைக் கவனியுங்கள். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் கொடுத்ததால் இன்னொருவர் உண்மையாகவே வாழ்ந்தார். தம்மைவிட நலிந்தவருக்காகக் கொடுத்தார்கள், வலியவர் இன்னும் வலிமை பெறுவதற்காகக் கொடுக்கவில்லை. தோட்டவெளியின் வேதசாட்சிகளிலும் நாம் போற்றுவது, மிரட்டலுக்கு நடுவிலும் தம் மனச்சாட்சியைத் தம் கையிலேயே வைத்திருந்த அந்தச் சுதந்திரத்தைத்தான்.

ஒரு பிடி அரிசி

உயிரைக் கொடுக்கும் சந்தர்ப்பம் எல்லாருக்கும் வருவதில்லை, வரவும் வேண்டாம். ஒரு பிடி அரிசி கொடுக்கும் சந்தர்ப்பம் நாளுக்கு இரண்டு தரம் வருகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் எங்கள் பாட்டிமார் அறிந்ததே. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளின் பெண்களும் இவ்வாறு சேர்த்துத் திருப்பணிக்குக் கொடுத்தார்கள். இந்தியாவின் வடகிழக்கிலுள்ள மிசோராம் மாநிலத்தில் 1910இல் திருச்சபைப் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் தொடர்கிறது. வேளைக்கு ஒரு பிடி. ஊர்ப் பெண்கள் அதைத் திரட்டி விற்று, பல ஊழியர்களையும் நற்பணிகளையும் தாங்குகிறார்கள். ஒரு பிடியால் எந்த வீடும் பட்டினி கிடப்பதில்லை, ஆயிரம் பிடியால் பல வீடுகள் பிழைக்கின்றன.

ஆதித் திருச்சபையும் இப்படித்தான் வாழ்ந்தது. அங்கும் குறை வந்தது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்ததாகத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. "பொறுத்துக்கொள்ளுங்கள், தியாகம் செய்யுங்கள்" என்று திருத்தூதர்கள் அவர்களை அடக்கவில்லை. எழுவரைத் தெரிந்து, பகிர்வைச் சரிசெய்தார்கள். பவுல் அடிகளாரும் கொரிந்தியருக்கு எழுதும்போது, மற்றவர்கள் சுகமாயிருக்க நீங்கள் நெருக்கடிப்பட வேண்டும் என்பதல்ல, சமநிலை உண்டாக வேண்டும் என்பதே நோக்கம் என்று விளக்குகிறார்.

ஆகவே எங்கள் சங்கங்களில் சில நல்ல வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். பத்துப் பேர் சேர்ந்து பிடியரிசி சேர்த்து, கடலுக்குப் போக முடியாத மாதத்தில் எந்த வீட்டில் உலை ஏறவில்லையோ அங்கு சத்தமின்றிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாங்கும் முறை எங்களுக்கு வரும்போது வெட்கப்படாமல் வாங்கவும் பழகலாம், ஏனெனில் எப்போதும் கொடுப்பவளாகவே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது. மாதர் சங்கக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வாசிக்கலாம். அஸ்வெசும படிவம் நிரப்பத் தெரிந்தவள் தெரியாதவளோடு பிரதேச செயலகத்துக்குப் போகும் அரை நாளும் காணிக்கைதான். காணாமலாக்கப்பட்ட மகனுக்காக வீதியோரம் இருக்கும் தாய்க்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் போய் இருப்பதும் அப்படியே.

கொடுப்பது மதிலோடு நின்றுவிடவும் கூடாது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் கையில் எடுத்த பொருட்களோடு விரட்டப்பட்டன. திரும்பி வந்த அந்தச் சகோதரிகளும் எங்களைப் போலவே கிணற்றையும் வேலியையும் காணியுறுதியையும் தேடி அலைந்தவர்கள். ஸகாத் கொடுக்கும் அவர்களுக்கும், அன்னதானம் கொடுக்கும் இந்துச் சகோதரிகளுக்கும், காணிக்கை போடும் எங்களுக்கும் பகிர்வு புதிதல்ல. ஒருவர் துயரத்தை மற்றவர் காது கொடுத்துக் கேட்பதற்குப் பணம் தேவையில்லை, மனம் தேவை.

முடிவாக, யாராவது எம்மிடம் தியாகம் கேட்கும்போது மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டுப் பார்ப்போம். இதை நான் விரும்பிக் கொடுக்கிறேனா, பயந்து கொடுக்கிறேனா? இதனால் உண்மையில் ஒருவர் வாழ்வாரா? கேட்பவர் தாமும் கொடுக்கிறாரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் இரண்டு காசானாலும் மகிழ்ச்சியோடு கொடுங்கள். கிடைக்காவிட்டால் "இல்லை" என்று சொல்லுங்கள். தோட்டவெளி மண்ணில் உறங்குபவர்களும் ஒரு நாள் ஓர் அரசனின் முன்னால் "இல்லை" என்று சொன்னவர்கள்தான்.